காண்பதும் கற்பதும்: பதிவிறக்கத்தக்க தமிழ் மின்னாவணங்களின் அணுக்கம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நூல்களும் ஆய்வேடுகளும் கணினியில் பதிவிறக்கிப் படிக்கத்தக்க கோப்புகளாக இணையத்தில் பெருகியுள்ளன. அவற்றின் எண்ணிக்கை பேசப்படும் அளவுக்கு அவற்றின் பயன்பாட்டுத் தன்மை பேசப்படுவதில்லை. ஒரு கோப்பு திரையில் திறப்பதும் அதிலுள்ள பாடம் ஆய்வுக்குப் பயன்படுவதும் வெவ்வேறு நிலைகள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எழுத்துருக் குறியாக்கம், தேடல், மேற்கோள், மூலச் சான்று ஆகியவற்றின் அடிப்படையில் தமிழ் மின்னாவணத் திட்டங்களும் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் மதிப்பிடப்படுகின்றன. மின்கோப்பும் ஒரு பதிப்பே. ஆகவே பதிப்பாசிரியருக்குரிய பொறுப்பு அதனை வெளியிடுவோருக்கும் அதனை மேற்கோள் காட்டுவோருக்கும் உண்டு என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மின்னாவணம், பிடிஎஃப், ஒருங்குறி, எழுத்துணரி, பதிப்புநெறி, ஆய்வேடு, அணுக்கம்.

முன்னுரை

திருப்பூர் மாவட்டம் பல்லடம் வட்டத்தில் நொய்யலாற்றை ஒட்டி அமைந்த பேரூர் சாமளாபுரம். கோவைக்கும் திருப்பூருக்கும் இடைப்பட்ட இப்பகுதி விசைத்தறி நெசவை நம்பி வாழ்வது. இங்கிருந்து தமிழாய்வில் ஈடுபடும் ஒருவர் சென்னைக் கன்னிமாரா நூலகத்திலோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ ஒரு நூலைப் பார்க்க வேண்டுமாயின் ஓர் இரவுப் பயணமும் பணியிடத்தில் விடுப்பும் தேவைப்படும். ஆதலால் பெருநகர் ஆய்வாளருக்கு ஒரு வசதியாக அமையும் பதிவிறக்கக் கோப்பு, இத்தகைய ஊர்களில் உள்ளவர்களுக்கு நூலகமாகவே அமைகிறது. அக்கோப்பின் குறை அவர்தம் ஆய்வின் குறையாக மாறுவதும் இதனாலேயே.

கொங்கு வட்டார இலக்கியம் தொடர்பான தேடலில் இக்கட்டுரையாளர் ஓர் ஆய்வேட்டைப் பதிவிறக்கம் செய்தார். அதன் முகப்புப் பக்கத்திலேயே ‘கொங்கு’ என்னும் சொல் பெரிய எழுத்தில் இருந்தது. கோப்பினுள் அச்சொல்லைத் தேடியபோது ஓரிடத்திலும் இல்லை என்று கணினி விடையளித்தது. கண்ணுக்குத் தெரியும் சொல் கணினிக்குத் தெரியவில்லை. இந்த முரண் ஒரு கோப்பின் தனிக் குறை அன்று. தமிழ் மின்னாவணங்களுள் பெரும்பகுதி அமைந்துள்ள முறையின் விளைவு. அம்முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கோப்பின் அகம்: மூன்று வகைகள்

பிடிஎஃப் என்னும் கோப்பு வடிவத்தை அடோபி நிறுவனம் 1993இல் அறிமுகப்படுத்தியது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் எடுத்தாலும் ஒரு பக்கம் ஒரே தோற்றத்தில் அமைய வேண்டும் என்பதே அதன் முதன்மை நோக்கம். 2008இல் அது பன்னாட்டுத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. பக்கத்தின் தோற்றத்தைக் காப்பதில் அது பெற்ற வெற்றியே, அதனுள் இருக்கும் எழுத்துகள் பற்றிய கேள்வியை நாம் எழுப்பாமல் போனதற்கும் காரணமாயிற்று.

திரையில் ஒன்றுபோல் தோன்றும் தமிழ்க் கோப்புகளை அவற்றின் உள்ளமைப்பால் மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, படிமக் கோப்பு. அச்சு நூலின் பக்கங்களை ஒளிவருடிச் சேர்த்தது. இதில் கணினியைப் பொறுத்தவரை எழுத்தே இல்லை. கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் மட்டுமே உள்ளன.

இரண்டாவது, பழைய எழுத்துருக் கோப்பு. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தமக்கெனத் தனிக் குறியாக்கத்தைக் கொண்டிருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியாக்கங்கள் உருவாயின. அயலகத் தமிழர் முயற்சியில் திஸ்கி எழுந்தது. இவற்றுக்குப் புறம்பாகப் பாமினி போன்ற எழுத்துருக்கள் அச்சகங்களிலும் தட்டச்சு மையங்களிலும் நிலைபெற்றன. பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல் கணினியின் நினைவில் நான்கு உரோம எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிவாகிறது. எழுத்துரு கோப்பில் பொதிந்திருக்கும் வரை கண்ணுக்குத் தமிழ் தெரியும். அத்தொடரை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பொருளற்ற உரோம எழுத்துகளே எஞ்சும்.

மூன்றாவது, ஒருங்குறிக் கோப்பு. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு 2010இல், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற வேளையில், ஒருங்குறியையும் டேஸ் 16 என்னும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. இவ்வகைக் கோப்பே தேடலுக்கும் நகலெடுப்புக்கும் உகந்தது என்பது பொதுக்கருத்து. அக்கருத்தும் முழுமையாகச் சரியன்று.

2. தேடலில் தவறும் சொற்கள்

ஒருங்குறியில் ‘கொ’ என்னும் எழுத்து, ககரமும் அதன்பின் ஒகர உயிர்க்குறியும் என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. அதாவது ஒலிக்கும் வரிசை. பக்கத்தில் அது வரையப்படுவதோ ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்னும் வரிசையில். பிடிஎஃப் கோப்பு அடிப்படையில் வரையும் கட்டளைகளின் தொகுப்பு. வரையப்பட்ட ஒவ்வொரு வடிவமும் எந்த ஒருங்குறி எழுத்தைக் குறிக்கிறது என்பதை உணர்த்தும் அட்டவணை அதனுள் தனியே இடம்பெற வேண்டும். அவ்வட்டவணை இல்லாதபோதும் பிழைபட்டபோதும் எழுத்துகள் வரைந்த வரிசையிலேயே வெளிப்படும். அப்போது ‘கொங்கு’ என்பது ‘ெகாங்கு’ என ஆகிறது. ‘கை’ என்பதில் ஐகாரக் குறி முன்னே வந்து நிற்கிறது. ஆய்வாளர் ‘கொங்கு’ என்று தேடினால் கோப்பு இல்லையென்று சொல்வதன் காரணம் இதுவே. எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு உயிர்களும் ஏறிய உயிர்மெய்கள் அனைத்துக்கும் இவ்விடர் உண்டு. இவ்வெழுத்துகள் இன்றி ஒரு பத்தியை எழுதுவதும் அரிது என்பதை எண்ணினால் இழப்பின் அளவு விளங்கும்.

இரண்டாவது இடர் நம் தட்டச்சுப் பழக்கத்தில் பிறப்பது. ஔகாரத்தின் ஈற்றுக் கூறு ளகரத்தை ஒத்திருப்பதால், ‘ஔவை’ என்பதனைப் பலர் ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவை’ எனத் தட்டச்சு செய்கின்றனர். ‘கௌரவம்’ என்பதும் அவ்வாறே ‘கெளரவம்’ ஆகிறது. கண்ணுக்கு வேறுபாடு புலப்படுவதில்லை. கணினிக்கு இவை இருவேறு சொற்கள். ஔவையார் பாடல்கள் பற்றிய கட்டுரைகளைத் தேடும் மாணவர், பாதிக் கட்டுரைகள் தமக்குக் கிடைக்கவில்லை என்பதையே அறியாமல் ஆய்வை முடித்துவிடக்கூடும். கிடைக்காதது இல்லாததாகக் கருதப்படுவதே இதில் உள்ள இடர்.

மூன்றாவது, எழுத்துணரியால் நேர்வது. படிமக் கோப்பைப் பாடமாக மாற்ற எழுத்துணரி மென்பொருள்கள் இன்று பெரிதும் உதவுகின்றன. ஆயினும் தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் பழைய வடிவில் உள்ளன. அவ்வடிவங்களுக்குப் பயிற்றப்படாத எழுத்துணரி அவற்றை வேறெழுத்தாகவோ குறியாகவோ கொள்ளும். ரகரமும் காலும் மயங்குவதும், எகரம் தமிழ் எண்ணான ‘௭’ ஆவதும், உகரம் ‘௨’ ஆவதும் இதன்பாற்படும். ஓலைச்சுவடியில் புள்ளி இடப்படாமையாலும், ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே வடிவம் வழங்கியமையாலும் பாடவேறுபாடுகள் தோன்றின என்று பதிப்பு வரலாற்றில் பயில்கிறோம். அதே மயக்கம் நூற்றாண்டு கடந்து கணினிக்குள் மீண்டும் நிகழ்கிறது. அன்று அதனைக் கண்டு திருத்த ஒரு பதிப்பாசிரியர் இருந்தார் என்பதே வேறுபாடு.

3. மின்னாவணத் திட்டங்கள்: ஒரு மதிப்பீடு

தமிழ் மின்னாவணத் திட்டங்களை அவை வெளியிட்ட நூல்களின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. ஆய்வாளருக்கு அவை எந்த அளவு அணுக்கம் தருகின்றன என்ற நோக்கில் காணும்போது வேறொரு வரிசை புலப்படும்.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்தது. நூலைப் படிமமாக அளிக்காமல் பாடமாகத் தட்டச்சு செய்து அளிப்பதை அது தொடக்கத்திலேயே நெறியாகக் கொண்டது. திஸ்கியில் இருந்த பாடங்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. பாடமாக இருந்தமையாலேயே அம்மாற்றம் இயன்றது என்பது கருதத்தக்கது. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைக் கோப்பின் தலைப்பிலேயே குறிக்கும் மரபும் பாராட்டுக்குரியது. எனினும் எந்த அச்சுப் பதிப்பின் அடிப்படையில் பாடம் அமைந்தது என்ற குறிப்பு எல்லாக் கோப்புகளிலும் சீராக இல்லை. அச்சு நூலின் பக்க எண்களும் பேணப்படுவதில்லை. எனவே தேடலுக்கு உதவும் அக்கோப்பைச் சான்றாகக் காட்டுவதில் ஆய்வாளர்க்குத் தயக்கம் எழுகிறது.

இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்ட 2005இல் எழுந்த நூலகம் திட்டத்தின் பின்னணி வேறு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஆவணங்களும் அழிந்த வரலாற்றைக் கொண்ட சமூகம் முதலில் காத்தலையே எண்ணும். நூல்கள் மட்டுமன்றி இதழ்கள், சிறுவெளியீடுகள், நினைவு மலர்கள் எனப் பிற நூலகங்கள் பொருட்படுத்தாதவற்றையும் அத்திட்டம் ஒளிவருடிச் சேர்த்தது. கோப்புகள் பெரும்பாலும் படிமங்களே. ஆயினும் இதழ்களின் உள்ளடக்கத்தை ஒருங்குறியில் தட்டச்சு செய்து ஒவ்வோர் ஆவணத்தின் பக்கத்திலும் தரும் வழக்கத்தை அது மேற்கொண்டது. முழுப் பாடத்தையும் தட்டச்சு செய்ய வளம் இல்லாதபோது எந்தப் பகுதியைத் தட்டச்சு செய்தால் வாசகருக்கு மிகுந்த பயன் விளையும் என்ற தெளிவு இதில் வெளிப்படுகிறது. கட்டுரைத் தலைப்பைத் தேடி இதழைக் கண்டடையும் ஆய்வாளர், அதன்பின் படிமத்தைக் கண்ணால் படித்துக்கொள்ள இயலும்.

தமிழ் இணையக் கல்விக்கழகம், தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் 2001 பிப்ரவரியில் தொடங்கியது. இலக்கண இலக்கிய நூல்களை உரையுடன் பாடமாகத் தந்த அதன் பழைய நூலகமும், ஒளிவருடிய நூல்களைப் பெரிய அளவில் தரும் 2017ஆம் ஆண்டின் தமிழ் மின்நூலகமும் இருவேறு அணுகுமுறைகளுக்குச் சான்றுகள். முன்னதில் நூல்கள் குறைவு, தேடல் மிகுதி. பின்னதில் நூல்கள் மிகுதி, பாடத்துள் தேடும் வாய்ப்புக் குறைவு. அரிய முதற்பதிப்புகளைச் சாமளாபுரத்தில் இருந்துகொண்டு பக்கம் புரட்ட வைத்தது பின்னதன் அருஞ்செயல். ஆனால் 600 பக்க நூலொன்றில் ஒரு சொல்லாட்சியைக் கண்டறிய 600 பக்கங்களையும் புரட்டியே ஆக வேண்டும்.

படிமம், பாடம் என்னும் இரண்டையும் இணைத்த முயற்சியாகத் தமிழ் விக்கிமூலத்தைக் குறிப்பிடலாம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் ஒளிவருடல்கள் அங்கு எழுத்துணரி வழிப் பாடமாக்கப்பட்டுப் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கப்படுகின்றன. மூலப்பக்கத்தின் படிமமும் அதன் பாடமும் அருகருகே நிற்கின்றன. மெய்ப்புப் பார்க்கப்படாதது, பார்க்கப்பட்டது, மறுமுறை சரிபார்க்கப்பட்டது என ஒவ்வொரு பக்கத்தின் நிலையும் நிறத்தால் சுட்டப்படுகிறது. அங்குள்ள நூல்கள் பலவற்றில் மெய்ப்புப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. எனினும் முற்றுப்பெறவில்லை என்பதை மறைக்காமல் சொல்லும் கோப்பே ஆய்வுக்கு நம்பகமானது. எந்தப் பக்கத்தை எந்த அளவு நம்பலாம் என்பதை வாசகரே முடிவுசெய்ய அது இடமளிக்கிறது.

4. ஆய்வேடுகளும் ஆய்வு நேர்மையும்

மேற்கண்ட திட்டங்களைக் குறை கூறுவது எளிது. ஆய்வுலகம் தன் கோப்புகளை எவ்வாறு வைத்திருக்கிறது என்ற கேள்வி அதனினும் இன்றியமையாதது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறை ஆய்வேடுகளின் மின்படியை ஒப்படைக்க வகைசெய்தது. இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் தமிழ் ஆய்வேடுகள் இயல் வாரியாகப் பதிவிறக்கக் கிடைக்கின்றன. இவ்வேற்பாடு வருவதற்கு முன், ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டை மற்றொரு பல்கலைக்கழக மாணவர் பார்ப்பதே அரிதாக இருந்தது என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் தமிழ் ஆய்வேடுகள் பல, தட்டச்சு மையங்களில் பழைய எழுத்துருவில் அமைக்கப்பட்டவை. வேறு பல, அச்சிட்ட படியை ஒளிவருடியவை. இக்கட்டுரையாளரின் முந்தைய ஆய்வேடும் அவ்வாறு பழைய எழுத்துருவில் அமைந்ததே. அன்று பக்கத்தின் தோற்றம் சரியாக உள்ளதா என்று மட்டுமே பார்க்கப்பட்டது. அதிலுள்ள ஒரு சொல்லையும் எந்தத் தேடுபொறியாலும் இன்று கண்டறிய இயலாது.

இதன் விளைவு இருமடங்கானது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்கும் நெறிமுறையை வெளியிட்டது. ஒப்புமை காணும் மென்பொருளால் ஆய்வேடுகள் சோதிக்கப்படுகின்றன. 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்பது அதன் வரையறை. அம்மென்பொருள் ஒப்பிடுவது கோப்பிலுள்ள குறியீடுகளையே. படிமக் கோப்பில் ஒப்பிட ஏதுமில்லை. பழைய எழுத்துருவில் உள்ள ஒரு பத்தியை ஒருவர் ஒருங்குறியில் தட்டச்சு செய்து தமதாக்கிக் கொண்டால், இரண்டும் ஒரே பத்தி என்பதை அம்மென்பொருள் அறியாது. மூல ஆய்வாளரின் உழைப்பு தேடுவோர்க்கு அகப்படுவதில்லை. அதனைக் கவர்ந்தவரும் சோதனையில் அகப்படுவதில்லை. குறைந்த ஒப்புமை விழுக்காட்டைக் காட்டும் சான்றிதழ், இத்தகைய சூழலில் ஆய்வின் தூய்மைக்குச் சான்றாகாது.

பார்வை மாற்றுத்திறனாளிகளின் நிலை இன்னும் கடினமானது. தமிழ் இலக்கியம் பயிலும் அத்தகைய மாணவர்கள் திரைவாசிப்பு மென்பொருளை நம்பியுள்ளனர். அம்மென்பொருள் படிமக் கோப்பின் முன் ஊமையாகிறது. பழைய எழுத்துருக் கோப்பில் உரோம எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒலிக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வியிலும் தகவலிலும் சம அணுக்கத்தை வலியுறுத்தும் நிலையில், கல்வி நிறுவனங்கள் இத்தகைய கோப்புகளைத் தொடர்ந்து ஏற்பது ஏற்புடையதன்று.

5. கோப்பும் பதிப்புநெறியும்

படிமமே உண்மையானது, தட்டச்சுப் பாடம் பிழை மலிந்தது, ஆகவே படிமத்தோடு அமைவதே நேர்மை என்று வாதிடுவோர் உளர். தாள் நொறுங்கிக்கொண்டிருக்கையில் பாடத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருக்க நேரமில்லை என்பதும் அவர்தம் கருத்து. இவ்வாதத்தில் பொருளுண்டு. படிமம் சான்று; அதனைப் பாடம் ஈடுசெய்யாது. ஆனால் சான்று இருப்பதனால் மட்டும் ஆய்வு நிகழ்ந்துவிடுவதில்லை. ஏட்டுச்சுவடிகள் மடங்களிலும் வீடுகளிலும் இருந்தன. அவற்றைப் படித்து, ஒப்பிட்டு, பாடம் வகுத்து அச்சேற்றிய பின்னரே அவை அறிவுலகின் பொதுச்சொத்தாயின. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையர், தம் பதிப்புகளின் முகவுரைகளில் ஏடு உதவியவர்களின் பெயர்களையும் ஊர்களையும் குறித்தார். தம் பாடம் எங்கிருந்து வந்தது என்பதைப் படிப்பவர் அறியவேண்டும் என்னும் நெறி அது.

அந்நெறியை மின்கோப்பின்மேல் வைத்துப் பார்த்தால் குறை நம்மிடமும் தெரிகிறது. நாம் படிப்பது கோப்பு. அடிக்குறிப்பில் காட்டுவது அச்சு நூல். திரையில் படித்த பாடத்தை, கண்ணால் காணாத பதிப்பின் பெயரால் மேற்கோள் காட்டுவது தமிழ் ஆய்வேடுகளில் இயல்பாகிவிட்டது. எழுத்துணரி செய்த பிழையோ தட்டச்சர் விட்ட சொல்லோ இதனால் மதிப்புமிக்க ஒரு பதிப்பாசிரியரின் பாடமாகப் பதிவாகிறது. அடுத்து வருபவர் அவ்வாய்வேட்டிலிருந்து எடுத்தாள, பிழை நிலைபெறுகிறது. கோப்பைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொள்வது ஆய்வின் மதிப்பைக் குறைக்கும் என்ற தவறான எண்ணமே இதற்குக் காரணம்.

நெடுங்காலப் பாதுகாப்புக்கென 2005இல் வகுக்கப்பட்ட பிடிஎஃப் ஏ தரம் இங்கு நினைக்கத்தக்கது. அத்தரத்துக்குள்ளேயே இரு நிலைகள் உள்ளன. பக்கத்தின் தோற்றத்தை மட்டும் காப்பது ஒன்று. எழுத்துகளின் ஒருங்குறி அடையாளத்தையும் சேர்த்துக் காப்பது மற்றொன்று. தோற்றம் வேறு, பாடம் வேறு என்பதைத் தொழில்நுட்ப உலகமே ஏற்றுப் பிரித்துள்ளது. தமிழ்க் கல்வி நிறுவனங்கள் தம் கோப்புகளுக்கு எந்த நிலையைக் கோருகின்றன என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. பதிவிறக்கல், காணல், தேடல், எடுத்தாளல், சரிபார்த்தல் ஆகிய ஐந்தும் அணுக்கத்தின் வெவ்வேறு படிநிலைகள். தமிழ் மின்னாவணங்களுள் மிகுதியானவை முதலிரண்டு படிகளோடு நின்றுவிடுகின்றன.

2. குறியாக்கப் பிழையும் தட்டச்சு மயக்கமும் எழுத்துணரிப் பிழையும் புதிய பாடவேறுபாடுகளைத் தோற்றுவிக்கின்றன. இவை பதிப்பியல் ஆய்வின் எல்லைக்குள் கொண்டுவரப்பட வேண்டியவை.

3. ஆய்வேட்டை ஏற்கும் அலுவலர் கோப்பைத் திறந்து ஒகர எழுத்துள்ள ஒரு சொல்லைத் தேடிப் பார்ப்பதும், ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்ப்பதும் போதும். கோப்பின் தன்மை தெரிந்துவிடும். இதற்குத் தனி மென்பொருளோ செலவோ தேவையில்லை.

4. பழைய எழுத்துருவில் ஆய்வேடு அளித்தவர்கள் தம்மிடம் தட்டச்சுக் கோப்பு எஞ்சியிருப்பின் அதனை ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து, களஞ்சியத்தில் சேர்க்க வழிவகை வேண்டும். குறியாக்க மாற்றிகள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன; ஆசிரியரே உயிருடன் இருந்து மெய்ப்புப் பார்க்கும் வாய்ப்பே நிலையற்றது.

5. மின்கோப்பைப் படித்தவர் கோப்பையே சான்றாகக் காட்ட வேண்டும். அதன் மூலப் பதிப்பு, பதிவிறக்கிய நாள், படிமமா பாடமா என்பன அடிக்குறிப்பில் இடம்பெற வேண்டும்.

முன்னுரையில் குறிப்பிட்ட ஆய்வேட்டை இக்கட்டுரையாளர் இறுதியில் முழுவதும் திரையில் படித்தே முடித்தார். தேவையான பகுதிகளைக் கையால் எழுதி, பின்னர் தட்டச்சு செய்து, மீண்டும் திரையோடு ஒப்பிட்டார். தேடலில் ஒருமுறையும் அகப்படாத ‘கொங்கு’ அதன் ஒவ்வோர் இயலிலும் இருந்தது. அவ்வாய்வேட்டை எழுதியவர் ஊர் ஊராகச் சென்று திரட்டிய செய்திகள் அதில் உள்ளன. வேறெங்கும் அவை பதிவாகவில்லை. அவை பதிவிறக்கத்துக்கு உரியனவாக எல்லோர்க்கும் திறந்தே கிடக்கின்றன. பெயரும் இயல் எண்ணும் முன்பே அறிந்தவர் தவிர எவரும் அவற்றை வந்தடைய இயலாத நிலையில், திறந்திருத்தல் என்னும் சொல்லின் பொருளைத் தமிழ் ஆய்வுலகம் மறு ஆய்வு செய்தல் வேண்டும்.